இரவு இரண்டு மணிக்கு அங்கே யார் இருப்பார்?

கேள்வி: டொக்டர், என் அப்பாவுக்கு 66 வயது. அம்மாவோடு கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறார், லிஃப்ட் இல்லை. ஐந்து மாதமாக வலது கவட்டில் ஒரு வீக்கம். இருமினால் வெளியே தள்ளும், படுத்தால் உள்ளே போய்விடும். ஹேர்னியா, அதாவது குடலிறக்கம், வலை வைத்துத் தைக்க வேண்டும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம், பிரஷரும் இருக்கிறது. கடைசியாக எடுத்த சீனிச் சோதனை, ஹெச்பிஏ1சி, 9.4. சர்ஜன் மூன்று வழி சொன்னார். ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஓர் இரவு தங்கிச் செய்யலாம். அவர் பின்னேரங்களில் போகும் சர்ஜிக்கல் சென்டரில் செய்து அன்றிரவே வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், செலவு கிட்டத்தட்டப் பாதி. இல்லையென்றால் அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கலாம். டொரொண்டோவில் இருக்கும் தம்பிதான் காசு அனுப்புகிறான். “இங்கே எல்லாரும் சென்டரில்தான் செய்கிறார்கள், காலையில் போய் மத்தியானம் வந்துவிடுவார்கள்” என்கிறான். அம்மா பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று நிற்கிறார். அப்பா தனக்கு ஒன்றுமே வேண்டாம் என்கிறார். நான் என்ன செய்ய?

– ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தை வாசித்துக்கொண்டு வந்தவன் 9.4 என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நான் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிட வேண்டும். நான் மயக்க மருந்து கொடுப்பவன். முப்பது வருடத்துக்கு மேல் பகலில் அரச வைத்தியசாலைத் தியேட்டர்களிலும், பின்னேரங்களில் தனியார் இடங்களிலும் நோயாளியின் தலைமாட்டில் நின்றிருக்கிறேன். சர்ஜனின் பெயரை எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். என் பெயரைக் கண் விழித்ததும் மறந்துவிடுவார்கள். அது மருந்தின் வேலை, கோபிக்க முடியாது. ஆனால் அந்தத் தலைமாட்டில் நின்றதால் ஒன்று தெரியும். பெரிய பயம் கத்தி வைக்கும் நேரத்தில் வருவது குறைவு. கத்தியைக் கழுவி வைத்து, எல்லாரும் கை துடைத்துக்கொண்டு புறப்பட்ட பிறகுதான் அது வரும்.

கொழும்பில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இங்கே அரச வைத்தியசாலையில் வேலை செய்யும் விசேட வைத்தியர்கள் கடமை நேரம் முடிந்து தனியாரில் பார்க்க அனுமதி உண்டு. ஆகவே, காலையில் பெரியாஸ்பத்திரித் தியேட்டரில் நிற்கும் அதே கை பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியில் நிற்கும், ஏழு மணிக்குச் சென்டரில் நிற்கும். உங்கள் சர்ஜன் சொன்ன மூன்று வழியிலும் தைக்கப் போவது அநேகமாக அவரேதான், இல்லாவிட்டால் அவரைப் போன்ற ஒருவர். வலை ஒன்று, நூல் ஒன்று, ஊசி ஒன்று. மாறுவது கட்டடமும், அந்தக் கட்டடத்தில் இரவு தங்குகிற ஆட்களும்தான். எனவே சர்ஜனைப் பற்றி நீங்கள் செய்த விசாரணை போதும். இனி விசாரிக்க வேண்டியது இரவைப் பற்றி.

தம்பி சொல்வதில் பிழை இல்லை. ஒப்பரேஷன் செய்து அன்றே வீட்டுக்கு அனுப்புவது புதுக் கூத்தும் அல்ல. கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிக்கல் என்ற சர்ஜன் 1909 இல், தான் அப்படிச் செய்த 8,988 சிறுவர் சத்திரசிகிச்சைகளைப் பற்றி எழுதிவிட்டார். பிள்ளை தாயின் மடியில் இருப்பதுதான் நல்லது என்பது அவருடைய வாதம். ஆஸ்பத்திரியோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் சென்டரை 1970 இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் இரண்டு வைத்தியர்கள் தொடங்கினார்கள். அந்த இரண்டு பேரும் என் தொழில்காரர்கள், மயக்க மருந்து வைத்தியர்கள். யாரை உள்ளே எடுக்கலாம், யாரை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அந்தத் தொழிலுக்குத்தான் தெரியும்.

தம்பி விட்டுவிட்டது அந்த ஆள் பொறுக்குகிற வேலையைத்தான். அவர் டொரொண்டோ என்கிறபடியால் ஒன்று கேட்டுப் பாருங்கள். அங்கே பக்கத்தில் தோர்ன்ஹில்லில் ஷோல்டைஸ் என்று ஹேர்னியாவுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி, 1945 இல் தொடங்கியது. ஹேர்னியா தவிர வேறு எதையும் தொடமாட்டார்கள். உலகத்தில் பெயர் எடுத்த அந்த இடத்தில் நோயாளிகளை அன்றே அனுப்புவதில்லை, சில இரவு வைத்திருப்பார்கள். உடம்பு பருமனாக இருந்தால் இறக்கிக்கொண்டு வா என்று சொல்லிவிடுவார்கள். சென்டர்களில் நல்ல பெறுபேறு வருவதற்குப் பாதிக் காரணம், சிக்கலான ஆள் அங்கே படுப்பதே இல்லை என்பது. நல்ல சென்டர் ஒன்றின் அடையாளம், அது எத்தனை பேரை மறுக்கிறது என்பதில் இருக்கிறது. உங்கள் அப்பாவை அந்தச் சென்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தால் எனக்கு அதுவே சந்தேகம்.

நான் சென்டருக்கு எதிரி இல்லை. போன வருடம் என் இடது கண்ணில் புரை எடுத்தபோது அப்படி ஓர் இடத்துக்குத்தான் போனேன். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரக்கச் செய்தார்கள், ஊசியே இல்லை. கதிரையில் இருந்த நேரம்தான் கூட. பிளேன் டீயும் இரண்டு மாரி பிஸ்கட்டும் தந்தார்கள், கண்ணுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியோடு ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். அதற்கு ஆஸ்பத்திரிக் கட்டில் எதற்கு? தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புக் கட்டி, கையில் விரல் இறுகிப்போகும் வருத்தம், கமரா விட்டுக் குடல் பார்ப்பது, சுகதேகியான ஓர் இளைஞனின் ஹேர்னியா, இவற்றுக்கெல்லாம் சென்டர் நல்ல இடம். வயது போனவர்களுக்கு அதில் இன்னொரு நன்மையும் உண்டு. பழக்கமில்லாத வார்ட்டில், லைட் அணையாத இரவில் சிலர் நேரம் இடம் தெரியாமல் குழம்பிப்போவார்கள். ஊசிக் குழாயைப் பிடுங்குவார்கள், இறந்துபோன அண்ணனைக் கூப்பிடுவார்கள். சொந்தக் கட்டிலில் படுத்தால் அந்தக் குழப்பம் குறைவு. ஆஸ்பத்திரிக் கிருமி தொற்றும் வாய்ப்பும் குறைவு.

இனி அப்பாவிடம் வருவோம்.

நாங்கள் மயக்கம் கொடுக்கும் முன் ஆளுக்கு ஒரு படி போடுவோம். ஒன்று என்றால் ஒரு வருத்தமும் இல்லாதவர். இரண்டு என்றால் பிரஷரோ சீனியோ இருந்தாலும் கட்டுப்பாட்டில் இருப்பவர். மூன்று என்றால் கட்டுப்பாட்டில் இல்லாதவர், அல்லது உறுப்பு ஏதாவது பாதிக்கப்பட்டவர். அதற்கு மேலும் படிகள் உண்டு, அவை உங்களுக்கு வேண்டாம். 9.4 உடன் அப்பா இப்போது நிற்பது மூன்றாம் படியில். ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சீனியின் சராசரிக் கணக்கு. முதல் நாள் பட்டினி கிடந்து காட்டும் நல்ல எண் அதை ஏமாற்றாது. பிரிட்டனில் அவசரமில்லாத ஒப்பரேஷனுக்கு முன் 8.5க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள். சீனி கூடிய உடம்பில் காயம் ஆறப் பஞ்சிப்படும், கிருமிக்குக் கொண்டாட்டம். அதிலும் இங்கே உள்ளே வைப்பது வலை. வலையில் கிருமி பிடித்தால் மருந்து அதற்குள் போய்ச் சேர்வது கஷ்டம், சில வேளை வலையையே எடுக்க வேண்டி வரும். அப்புறம் செலவில் பாதி மிச்சம் பிடித்தோம் என்ற கணக்கு எங்கே நிற்கும்?

அடுத்தது குறட்டை. அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, யாரும் எழுதுவதில்லை. அம்மாவிடம் கேளுங்கள், அவர்தான் இதில் விசேட வைத்தியர். அப்பா கதவுக்கு வெளியே கேட்கும்படி குறட்டை விடுகிறாரா? நடுவில் சத்தம் நின்று, மூச்சும் நின்று, திடுக்கிட்டு இழுத்துக்கொண்டு எழும்புகிறாரா? பகலில் பேப்பர் வாசித்துக்கொண்டே தூங்கி விழுகிறாரா? எங்களிடம் எட்டுக் கேள்வி இருக்கிறது. இந்த மூன்றோடு பிரஷர் இருக்கிறதா, வயது ஐம்பதுக்கு மேலா, ஆணா, கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேலா, உடல் மிகவும் பருமனா என்பவை மற்ற ஐந்து. மூன்றுக்கு ஆம் என்றாலே கவனிக்க வேண்டிய ஆள். பிரஷர், வயது, ஆண் என்று அப்பா நாற்காலியில் இருந்தபடியே மூன்றைத் தாண்டிவிட்டார். ஐந்து என்றால் தூக்கத்தில் மூச்சு அடைபடும் வருத்தம் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவருக்கு மயக்கமும் மோர்பின் இனத்து வலி மருந்தும் கொடுத்தால், அன்றிரவு அந்த அடைப்பு கூடும். விரலில் ஒட்சிசன் பார்க்கும் கிளிப்பைப் போட்டு, அது கத்தினால் எழுந்து வரக்கூடிய ஒருவர் பக்கத்தில் வேண்டும். தையல்காரரின் நாடா ஒன்றை எடுத்து, இன்றைக்கே கழுத்தை அளந்து பாருங்கள்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் சின்னது. அதுதான் என்னை ஒரு நாள் தலைகுனிய வைத்தது. தெஹிவளையில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அப்பாவின் வயதுதான். பின்னேர ஒப்பரேஷன், ஒரு சென்டரில், இதே ஹேர்னியா. முதுகில் ஊசி போட்டேன். எல்லாம் வடிவாக முடிந்தது. முதுகில் ஊசி போட்டால் கால் மட்டும் மரக்காது, சலப்பையும் மரத்துப்போகும். வயது போன ஆண்கள் பலருக்குப் புரொஸ்டேட் சுரப்பியும் வீங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் சிறுநீர் கட்டிக்கொள்ளும். அதனால் சிறுநீர் போன பிறகுதான் வீட்டுக்கு விட வேண்டும் என்று துண்டில் எழுதிவிட்டு, அடுத்த இடத்துக்குப் புறப்பட்டுவிட்டேன். பத்தரை மணிக்கு நேர்ஸ் கேட்டபோது மாஸ்டர், “போனது மிஸ், போனது” என்று சொல்லியிருக்கிறார். பொய். வீட்டுக்குப் போகிற அவசரம், ஒரு பெண் பிள்ளையிடம் அதைச் சொல்வதில் கூச்சம், மூடுவதற்குக் காத்திருந்த சென்டர். இரவு இரண்டு மணிக்கு வயிறு பானை மாதிரி ஆகிவிட்டது. மகன் சென்டருக்கு அடித்திருக்கிறார். வாச்சர் எடுத்து, காலையில் ஏழரைக்குத்தான் ஆட்கள் வருவார்கள் என்று சொல்லியிருக்கிறார். பிறகு ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடி, குழாய் போட்டு, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஐந்து நிமிட வேலைக்கு அந்த மனிதர் மூன்று மணி நேரம் துடித்திருக்கிறார். நேர்ஸ் போத்தலைப் பார்த்திருக்க வேண்டும், நான் போனை எடுத்துக் கேட்டிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

அதனால்தான் சென்டருக்குப் போய் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. “இரவு இரண்டு மணிக்கு நான் அடித்தால் யார் எடுப்பார்?” என்று கேளுங்கள். பதிலாக ஒரு வைத்தியரின் நம்பரைத் தந்தால் நல்லது. “அப்படி ஒன்றும் வராது அக்கா” என்று சிரித்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

வரும்போது லிஃப்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். பகிடி இல்லை. ஒரு சென்டருக்கு முதல் நாள் வேலைக்குப் போனபோது ஸ்ட்ரெச்சரை லிஃப்டுக்குள் தள்ளிப் பார்த்தேன். சரித்து வைத்தாலும் கதவு மூடவில்லை. தியேட்டர் இருந்தது நாலாம் மாடியில். “இதுவரை தேவைப்படவில்லை டொக்டர்” என்றார் மேனேஜர். அந்த இடத்தில் ஒருவருக்கு இரத்தம் நிற்காவிட்டால், அல்லது மூச்சு சரியாக வராவிட்டால், அவரைக் கதிரையில் வைத்துப் படியால் இறக்க வேண்டும். இறக்கிய பிறகு காலி வீதியின் நெரிசல். பின்னேரம் ஐந்தரைக்கு வெள்ளவத்தையில் இருந்து பொரளைப் பக்கம் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே, கஷ்டமான நேரத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அங்கே தீவிர சிகிச்சைக் கட்டிலுக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் இருக்கிறதா, எந்த அம்பியூலன்ஸ் என்று கேளுங்கள். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம், நல்ல சேவை. அது உங்கள் வீட்டுக்கு வருவதற்கு. ஒரு சென்டர் தன் அவசரத் திட்டமாக அதை மட்டும் காட்டினால் அது திட்டம் இல்லை.

பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையம் ஒவ்வொன்றும் பதிந்திருக்க வேண்டும், அந்தப் பதிவை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ் முன் மேசைக்குப் பின்னால் தொங்கும். வருடத்தைப் பாருங்கள். வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவப் பேரவைப் பதிவேட்டில் இருக்கிறதா என்பதும் பார்க்கக்கூடியதுதான்.

மயக்க மருந்து கொடுப்பது யார் என்று யாருமே கேட்பதில்லை. கேளுங்கள். முழு நேரமும் தலைமாட்டில் நிற்பாரா, நோயாளி கண் விழித்து நிலையாகும் வரை கட்டடத்துக்குள் இருப்பாரா, ஒப்பரேஷனுக்கு முன் ஒரு நாளாவது அப்பாவைப் பார்ப்பாரா? தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் வைத்துத்தான் முதல் சந்திப்பு என்றால் அது பிந்திய சந்திப்பு. அவர் பார்க்கும்போது குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடையே மச்சான் மச்சாள் கலியாணம் அதிகம். மயக்கத்தின்போது தசைகளைத் தளர்த்தப் போடும் சுக்ஸமெதோனியம் என்ற மருந்து வழக்கமாகச் சில நிமிடத்தில் கரைந்துவிடும். அதைக் கரைக்கும் என்சைம் பிறப்பிலேயே குறைந்தவர்களுக்கு அது மணிக்கணக்கில் நிற்கும், மூச்சுத் தசையும் அசையாது. தாய் தகப்பன் இரு பக்கத்தாலும் வந்தால்தான் இந்தக் குறை வெளிப்படும். அதனால் சொந்தத்துக்குள் கட்டிய குடும்பங்களில் கேட்டுப் பார்ப்பது நல்லது. அப்பாவின் சகோதரர்கள் யாருக்காவது ஒப்பரேஷன் முடிந்து கண் விழிக்க அரை நாள் ஆனது, மெஷினில் போட்டார்கள் என்று பழைய கதை இருக்கிறதா? இருந்தால் அது கதையல்ல, மருத்துவ வரலாறு. ஆஸ்பத்திரியில் இப்படி நடந்தால் ஒரு இரவு வென்டிலேற்றரில் வைத்து மறுநாள் தேத்தண்ணீர் கொடுப்போம்.

சரி, முடிவைச் சொல்கிறேன். இப்போதைய நிலையில் அப்பாவுக்குச் சென்டர் வேண்டாம். அதே மூச்சில், இப்போதைய நிலையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்பேன். மூன்று மாதம் தள்ளுங்கள்.

தள்ளலாமா என்று பயப்படுவீர்கள். உள்ளே போய் வரும், பெரிதாக வலிக்காத ஹேர்னியாவோடு இருந்த 720 ஆண்களை வட அமெரிக்காவில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே ஒப்பரேஷன் செய்து, மற்றப் பிரிவை வெறுமனே கவனித்து வந்தார்கள். 2006 இல் முடிவு வந்தது. கவனித்து வந்தவர்களில் குடல் திடீரென்று சிக்கியது வருடத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. பலர் பிறகு வலி கூடி ஒப்பரேஷன் செய்துகொண்டார்கள்தான், அப்பாவும் செய்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது இந்த மாதமாக இருக்கத் தேவையில்லை. ஒரே நிபந்தனை: வீக்கம் உள்ளே போக மறுத்து, கல்லுப் போல இறுகி வலித்தால், சத்தி எடுத்தால், காற்றுப் பிரியாமல் வயிறு ஊதினால், அந்த நேரத்தில் தனியார் வைத்தியரைச் சனல் பண்ண நம்பர் தேடக்கூடாது. 1990 ஐக் கூப்பிட்டு நேரே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவு. இதை அம்மாவுக்கு இரண்டு தரம் சொல்லி வையுங்கள், ஏனென்றால் அப்பா “காலையில் பார்ப்போம்” என்பார்.

பெரியாஸ்பத்திரியில் இன்றைக்கே பெயரைப் பதியுங்கள். காத்திருக்கும் அந்த மாதங்கள்தான் சீனியை இறக்கும் மாதங்கள், வீணாகாது. 2022 இல் மருந்துத் தட்டுப்பாட்டில் அவசரமில்லாத ஒப்பரேஷன்களைத் தள்ளிவைத்த காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் பயப்படுகிறார்கள், புரிகிறது. திகதி மாறலாம், தாழ்வாரத்தில் கால் கடுக்க நிற்க வேண்டி வரலாம், வார்ட்டில் மின்விசிறிக்குக் கீழே கட்டில் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அங்கே வைத்தியர் இருப்பார், இரத்த வங்கி இருக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும், எல்லாம் இலவசம். என் சொந்த அண்ணனுக்கு அங்கேதான் செய்தேன். எனக்கு உண்மையில் கவலை வேறு. அப்பாவுக்குச் சிங்களம் எவ்வளவு வரும்? ஆண்கள் வார்ட்டில் இரவில் மகளை நிற்க விடுவது அபூர்வம். வலி எங்கே, எவ்வளவு என்று சொல்லத் தெரியாதவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிடுவார்கள். மருமகனோ, பக்கத்து வீட்டுப் பையனோ இருந்தால் அனுமதி கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் நாலு வசனத்தைச் சிங்களத்தில் எழுதி அப்பாவின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்: நான் சீனி வருத்தக்காரன், இன்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, சிறுநீர் போகவில்லை, வலி கூடுகிறது. விரலால் காட்டினால் போதும்.

மூன்று மாதம் கழித்துத் தம்பியின் காசு இருந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் ஓர் இரவு, நீங்களும் அறையில் தங்கலாம். பெக்கேஜ் விலையைக் கேட்கும்போது வலை அதற்குள் வருகிறதா, மயக்க மருந்து வைத்தியரின் கட்டணம் வருகிறதா, இன்னோர் இரவு தங்க நேர்ந்தால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் அலுவலகக் காப்புறுதி பெற்றோரையும் சேர்க்கிறது என்றால் பொலிசியை ஒரு தரம் வாசியுங்கள். சிலவற்றில் ஓர் இரவாவது தங்கினால்தான் காசு. சென்டரின் பாதி விலை அப்போது பாதி விலையாக இராது.

இன்னும் ஒன்று நடக்கலாம். சீனி 7.5க்கு வந்து, குறட்டைக் கேள்வியில் பயப்பட ஒன்றும் இல்லை என்றாகி, சர்ஜன் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து தைக்கலாம் என்று சொன்னால், நானே சென்டருக்குச் சம்மதிப்பேன். அந்த முறையில் சிறுநீர் கட்டும் தொல்லையும் மிகக் குறைவு. அப்போதும் காலையில் முதல் ஆளாகப் போட வேண்டும், பின்னேரம் ஏழு மணிக்கு இல்லை. அன்றிரவு கொட்டாஞ்சேனை மூன்றாம் மாடி வேண்டாம், உங்கள் வீட்டில் வையுங்கள். ஒரு பெரிய ஆள் 24 மணி நேரம் கூட இருக்க வேண்டும். சிறுநீர் போனதா என்று கேட்காதீர்கள், போத்தலைப் பாருங்கள்.

எங்கே செய்தாலும் மாறாத சில விஷயங்கள். எந்தப் பக்கம் என்று வார்ட்டிலேயே தோலில் பேனையால் அடையாளம் போட வேண்டும், அப்பா முழித்திருக்கும்போது. உலக சுகாதார நிறுவனம் 2008 இல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியலில் அது ஒன்று. சீனி மாத்திரைகளில் எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் என்ற பெயர்கள் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். அவற்றை மூன்று நாளுக்கு முன்பே நிறுத்துவோம், இல்லாவிட்டால் சீனி சரியாக இருக்கும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறலாம். அஸ்பிரின், குளோபிடோகிரெல் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கடைசியாக, பட்டினி. ஆறு மணி நேரம் சாப்பாடு இல்லை என்றால் பால் தேத்தண்ணீரும் சாப்பாடுதான். பிளேன் டீயும் தண்ணீரும் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு முன் வரை குடிக்கலாம், அப்பாவுக்கு எவ்வளவு என்பதை அன்று மயக்கம் கொடுப்பவர் சொல்வார். “கொஞ்சம் பால்தானே” என்று அம்மா விடியற்காலையில் கொடுத்த ஒரு கோப்பையால் தள்ளிப்போன ஒப்பரேஷன்களை நான் எண்ணி வைத்திருந்தால் ஒரு கொப்பி முடிந்திருக்கும்.

சீனிக்கு அப்பா எந்தெந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் எடுக்கிறார் என்று எழுதி அனுப்புங்கள். கழுத்து அளவையும் சேர்த்து.